அம்பாசடர் தானுந்தின் அளவுமானிகள்

அம்பாசடர் தானுந்தின் அளவுமானிகள் என்பன வண்டியின் வேகம், எஞ்சின் எண்ணெயின் அழுத்தம், குளிர்விக்கும் நீரின் வெப்பநிலை, தொட்டியில் எஞ்சியுள்ள எரிபொருள், மின்கலத்தின் மின்னேற்றம் ஆகியவற்றை ஓட்டுநருக்குக் காட்டும் கருவிகள் ஆகும். பட்டறைகளில் இவை மீட்டர் என்றே அழைக்கப்படுகின்றன. அம்பாசடர் பிரித்தானிய வடிவமைப்பிலிருந்து தோன்றியது. ஆதலால் அதன் மானிகளின் அமைப்பும் அக்காலப் பிரித்தானியத் தானுந்துகளின் மானிகளை ஒத்ததாகும்.

ஒரு மானியின் ஊசி எஞ்சினின் நிலையை நேரடியாகக் காட்டுவதில்லை. உணரி, கம்பி அல்லது குழாய், தரை இணைப்பு, மானி ஆகிய நான்கும் சரியாக இருந்தால் மட்டுமே அதன் அளவீடு உண்மையாகும். எனவே ஊசி தவறான இடத்தில் நிற்கும்போது, எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் மானியைச் சோதிப்பதே முறை. தூத்துக்குடி மாவட்டத்தின் நாகலாபுரம், அதனைச் சூழ்ந்த கோவில்பட்டி, விளாத்திகுளம் ஆகிய கரிசல் பகுதிகளின் தட்பவெப்பத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்மானிகளின் இயக்கம், பராமரிப்பு, பொருத்தும் முறை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1942ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பின்னர் மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் அதன் தொழிற்சாலை அமைந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு இரண்டாம் வரிசையை ஒட்டி லேண்ட்மாஸ்டர் என்னும் தானுந்தையும், 1956இல் வெளிவந்த மூன்றாம் வரிசையை ஒட்டி 1950களின் இறுதியில் அம்பாசடரையும் அந்நிறுவனம் வெளியிட்டது. அம்பாசடரில் நெடுங்காலம் பயன்பட்ட 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின், பிரித்தானிய மோட்டார் கார்ப்பரேஷனின் பி வரிசையைச் சேர்ந்தது. டீசல் எஞ்சின்களும், 1990களில் இசுசூ எஞ்சினும் பின்னர் வந்தன. 2014 மே மாதத்தில் உத்தரபாராவில் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

தமிழ்நாட்டிலும் இத்தகைய தானுந்துகள் உருவாயின. சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், டிரையம்ப் ஹெரால்டு வண்டியை ஒட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டை 1961 முதல் தயாரித்தது. அதே ஆண்டில் பிரித்தானிய லூகாஸ் நிறுவனமும் டி. வி. எஸ். குழுமமும் இணைந்து லூகாஸ் டி. வி. எஸ். நிறுவனத்தைத் தொடங்கின. டைனமோ, ஸ்டார்ட்டர் போன்ற மின்கருவிகள் சென்னையை அடுத்த பாடியில் உருவாயின. கோயம்புத்தூரின் பிரிக்கால் நிறுவனம் வாகன மானிகளைத் தயாரித்து வருகிறது. இங்கு கூறப்படும் அடிப்படைகள் ஹெரால்டு முதலிய வண்டிகளுக்கும் பொருந்தும்.

கரிசல் நிலச் சூழல்

நாகலாபுரம் விளாத்திகுளம் வட்டத்தில் அமைந்த ஊர். பருத்தி, மிளகாய், கம்பு, சோளம், பயறு வகைகள் ஆகியன விளையும் மானாவாரிக் கரிசல் காடு இதனைச் சூழ்ந்துள்ளது. கரிசல் மண்ணிலுள்ள களிமம் ஈரத்தில் உப்பிப் பசையாகும். வெயிலில் சுருங்கி வெடிக்கும். கோடையில் இம்மண் மிக நுண்ணிய புழுதியாக எழுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் அதுவே சேறாகி வண்டியின் அடிப்பகுதியில் அப்பிக்கொள்கிறது.

இச்சூழல் அளவுமானிகளை மூன்று வழிகளில் பாதிக்கிறது.

முதலாவது, அடித்தளத்தில் ஒட்டிய சேறு ஈரத்தை நெடுநாள் பிடித்து வைப்பதால் எரிபொருள் தொட்டியின் உணரியும் தரை இணைப்புகளும் துருவேறுகின்றன.

இரண்டாவது, புழுதி வேகமானிக் கேபிளின் உறைக்குள் புகுந்து, அங்குள்ள கிரீசுடன் கலந்து அரைக்கும் பசையாகிறது.

மூன்றாவது, இப்பகுதிக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் கடினத்தன்மையும் உடையது. அதனை ரேடியேட்டரில் ஊற்றினால் நீர்வழிகளிலும் வெப்பமானியின் குமிழ் மீதும் சுண்ணப்படிவு உண்டாகும். படிவு மூடிய குமிழ் வெப்பத்தைத் தாமதமாக உணரும். ஊசி உயர்வதற்குள் எஞ்சின் சூடேறிவிடும்.

ஊருக்கும் பட்டறைக்கும் இடையே தொலைவு மிகுந்த இடத்தில் இதன் விளைவு பெரிது. நோயாளியை ஏற்றிச் செல்லும் வாடகை வண்டி வழியில் நின்றால் மாற்று வண்டி உடனே கிடைப்பதில்லை. சூடேறி ஹெட் கேஸ்கட் போன எஞ்சினைச் சீர்செய்யும் செலவு, அவ்வண்டியை நம்பிப் பிழைப்பவரின் பல நாள் வருமானத்தை எடுத்துக்கொள்ளும்.

வகைகளும் இயங்கும் முறையும்

அம்பாசடரின் முகப்புப் பலகையும் மானிகளும் மாதிரிக்கு மாதிரி மாறியுள்ளன. பழைய வண்டிகளில் வேறு வண்டியின் மானிகள் பொருத்தப்பட்டிருப்பதும் உண்டு. எனவே பழுது பார்க்கும் முன் பொருத்தப்பட்டுள்ள மானி எவ்வகையினது என்று அறிதல் வேண்டும்.

வேகமானி

வேகமானி மின்சாரமின்றி இயங்குவது. கியர் பெட்டியிலுள்ள சிறு பற்சக்கரம் ஒரு நெகிழ் கேபிளைச் சுழற்றுகிறது. கேபிளின் மறுமுனை மானிக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சூழ்ந்த அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் தோன்றுவதால் கிண்ணமும் அதே திசையில் திரும்ப முயல்கிறது. ஒரு மயிரிழைச் சுருள்வில் அதனைத் தடுக்கிறது. இவ்விரு விசைகளும் சமமாகும் இடத்தில் ஊசி நிற்கிறது. இத்தகைய வேகமானிக்கு ஜெர்மனியின் ஓட்டோ சூல்ட்சே 1902இல் காப்புரிமை பெற்றார்.

ஊசி நடுங்கினால் குற்றம் பெரும்பாலும் கேபிளில் இருக்கும். உள் கம்பியை உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, மெல்லிய அளவில் கிரீசு தடவிச் செருக வேண்டும். மானியை ஒட்டிய மேல் முனையில் சில அங்குல நீளத்துக்குக் கிரீசு தடவுதல் கூடாது. தடவினால் அது சுழற்சியால் மேலேறி மானிக்குள் சென்று, காந்தத்தையும் கிண்ணத்தையும் ஒட்டவைக்கும். கேபிள் எங்கும் கூர்மையாக வளையாமல் செல்ல வேண்டும்.

பிரித்தானிய வேகமானிகளின் முகப்பில் சிறிய எழுத்தில் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு மைல் தொலைவுக்குக் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதை அது குறிக்கும். வேறு வண்டியின் மானியைப் பொருத்துவோர் இவ்வெண் ஒத்துள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். டயரின் அளவு மாறினாலும் அளவீடு மாறும். அம்பாசடரின் வழக்கமான டயர் அளவு 5.90-15 ஆகும். சுற்றளவு 5 விழுக்காடு குறைந்த டயரைப் பொருத்தினால், மானி 60 கி.மீ. காட்டும்போது வண்டி ஏறத்தாழ 57 கி.மீ. வேகத்திலேயே செல்லும்.

கிலோமீட்டர் கற்களைக் கொண்டு இதனைச் சோதிக்கலாம். நேரான சாலையில் சீரான வேகத்தில் செல்லும்போது, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லை 60 நொடியில் கடந்தால் வேகம் மணிக்கு 60 கி.மீ. ஆகும், 72 நொடி எனில் 50 கி.மீ.; 90 நொடி எனில் 40 கி.மீ. நொடிகளை எண்ணும் பொறுப்பு ஓட்டுநருக்கு அருகில் அமர்ந்திருப்பவருடையது.

எண்ணெய் அழுத்தமானி

இயந்திர வகை அழுத்தமானியில் எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக எண்ணெயே மானிக்கு வருகிறது. மானிக்குள் வளைந்த தட்டைக் குழாய் ஒன்று உள்ளது. அழுத்தம் கூடும்போது அது நிமிர முயன்று ஊசியை நகர்த்துகிறது. பிரெஞ்சுப் பொறியாளர் யூசேன் போர்டன் 1849இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மின் வகையில் எண்ணெய் மானிக்கு வருவதில்லை. எஞ்சினில் உள்ள உணரி மட்டும் கம்பி வழியே செய்தி அனுப்புகிறது.

பி வரிசை பெட்ரோல் எஞ்சின் சூடான நிலையில் ஓடும்போது அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 50 பவுண்டும், நின்ற நிலையில் மெதுவாகச் சுழலும்போது ஏறத்தாழ 15 பவுண்டும் இருப்பது இயல்பு. சூடேறிய எண்ணெய் இளகுவதால், காலையில் காட்டும் அளவு நண்பகலில் குறையும். எனவே இருநாள் அளவீடுகளை ஒப்பிடும்போது எஞ்சின் ஒரே சூட்டில் இருத்தல் வேண்டும். மாதம் ஒருமுறை குறித்துவைத்த அளவீடு, பேரிங்குகளின் தேய்வை ஒலி கேட்பதற்கு முன்பே உணர்த்தும்.

ஓடும்போது அழுத்தம் திடீரெனச் சுழியத்துக்கு வந்தால் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். எண்ணெய் அளவைக் குச்சியால் பார்த்து, குழாய் உடைந்துள்ளதா எனக் கவனித்த பின்னரே மானியைச் சந்தேகிக்கலாம். பிற மானிகளில் முதலில் மானியைச் சோதிப்பது முறையாயினும், இங்கு முதலில் எஞ்சினைக் காப்பதே முறை. எண்ணெயின்றிச் சில நிமிடம் ஓடினாலும் பேரிங்குகள் உருகிவிடும்.

வெப்பமானி

பழைய வகை வெப்பமானியில் ஒரு குமிழ், நீண்ட நுண்குழாய், மானி ஆகிய மூன்றும் பிரிக்க இயலாதவாறு இணைந்துள்ளன. குமிழினுள் எளிதில் ஆவியாகும் ஈதர் உள்ளது. நீரின் வெப்பத்தால் ஈதர் ஆவியாகி உண்டாக்கும் அழுத்தமே ஊசியை நகர்த்துகிறது. இக்குழாயை வெட்டவோ மடிக்கவோ கூடாது. மிகுதி நீளத்தை அகன்ற வளையமாகச் சுற்றிக் கட்டலாம். குழாய் ஒடிந்தால் ஈதர் வெளியேறி மானி செயலிழக்கும். ஈதர் எளிதில் தீப்பற்றும் என்பதால் ஒடிந்த குழாயை வீட்டில் பற்றவைக்க முயலுதல் தீது.

மின் வகை வெப்பமானியில் சூடேறச் சூடேற மின்தடை குறையும் உணரி உள்ளது. அதன் தரை இணைப்பு மரையின் வழியாகவே கிடைக்கிறது. கசிவைத் தடுக்க மரையில் தடித்த நாடாவைச் சுற்றினால் மின்னிணைப்பு கெட்டு, வெப்பநிலை குறைவாகக் காட்டப்படும்.

குமிழைக் கொதிநீரில் இட்டு மானியைச் சோதிக்கலாம். ஊசி 100 பாகை செல்சியசையோ, பாரன்ஹீட் மானியாயின் 212 பாகையையோ காட்ட வேண்டும். ரேடியேட்டர் மூடி சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தைத் தாங்குமாயின் நீர் ஏறத்தாழ 111 பாகையில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வளையம் கெட்டால் 100 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே மானியில் மாற்றமில்லாமல் நீர் மட்டும் கொதிக்குமாயின் மூடியை முதலில் பார்க்க வேண்டும். சூடான எஞ்சினில் மூடியைத் திறத்தல் கூடாது.

ஓட்டுநர் தவறாமல் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஏறிக்கொண்டிருந்த ஊசி ஓட்டத்தின் நடுவே திடீரென இறங்கினால் எஞ்சின் குளிர்ந்துவிட்டது என்று பொருளன்று. நீர் முழுவதும் ஒழுகிக் குமிழ் காற்றில் நிற்கும்போதும் ஊசி இறங்கும். மேடோ குளிர்ந்த காற்றோ இல்லாத சமவெளிச் சாலையில் காரணமின்றி இறங்கும் ஊசி, உயர்ந்த ஊசியைவிட ஆபத்தானது. மறுபுறம், வெப்பப் பகுதிகளில் தெர்மோஸ்டாட்டை அகற்றிவிடும் பழக்கம் உண்டு. அத்தகைய வண்டியில் காலையில் ஊசி நெடுநேரம் கீழே நிற்பது மானியின் பழுதன்று.

எரிபொருள்மானி

தொட்டியில் மிதவையுடன் இணைந்த மாறு மின்தடை உணரியாகச் செயற்படுகிறது. மானிகள் இருவகைப்படும். 1960களின் நடுப்பகுதி வரை பிரித்தானிய வண்டிகளில் பரவலாக இருந்தது இரு கம்பிச்சுருள்களைக் கொண்ட வகை. இதன் ஊசி சாவியைத் திருப்பியவுடன் துள்ளி எழும். வண்டி குலுங்கும்போது ஆடும். அடுத்து வந்தது ஈருலோகப் பட்டை வகை. பட்டை சூடேறி வளைய நேரம் எடுப்பதால் இதன் ஊசி மெல்ல நகரும். ஈருலோக வகைக்கு ஏறத்தாழ 10 வோல்ட் தரும் மின்னழுத்த நிலைப்படுத்தி தேவை.

இருவகையும் கம்பி அறுந்தபோது எதிரெதிராக நடந்துகொள்கின்றன. உணரியின் கம்பியோ தரை இணைப்போ அறுந்தால், இருசுருள் மானி தொட்டி நிறைந்துள்ளதாகக் காட்டும். ஈருலோக மானி வெறுமையாகக் காட்டும். உணரிக் கம்பி வண்டியின் உடலைத் தொட்டால், முன்னது வெறுமையையும் பின்னது நிறைவையும் காட்டும். கரிசல் சேற்றால் தரை இணைப்பு துருவேறிய பழைய வண்டியில் ஊசி எப்போதும் நிறைந்தே நிற்பதற்கு இதுவே காரணம். அம்மானியை நம்பிப் புறப்படுபவர் பெட்ரோல் தீர்ந்து நடுவழியில் நிற்க நேரிடும். தொட்டியில் குச்சி விட்டுப் பார்க்கும் ஓட்டுநர் வழக்கம் இன்றும் நம்பத்தக்க சோதனையே.

மின்னோட்டமானியும் மின்னழுத்தமானியும்

அம்மீட்டர் எனப்படும் மின்னோட்டமானி மின்கலத்துக்கு மின்சாரம் ஏறுகிறதா, அதிலிருந்து இறங்குகிறதா என்பதைக் காட்டுகிறது. ஸ்டார்ட்டர் எடுப்பது தவிர, வண்டியின் மின்சாரம் பெரும்பாலும் இதன் ஊடாகவே செல்கிறது. எனவே இதன் முனைகளில் திருகு தளர்ந்தால் அவ்விடம் சூடேறித் தீப்பற்றக்கூடும். ஆண்டுக்கு ஒருமுறை மின்கல இணைப்பைக் கழற்றிவிட்டு இத்திருகுகளை இறுக்க வேண்டும். டைனமோவை நீக்கி ஆல்டர்னேட்டர் பொருத்துவோர் 30 ஆம்பியர் அளவுள்ள பழைய மானியை அப்படியே விடுதல் கூடாது. மிகுந்த மின்னோட்டம் அதனை எரித்துவிடும்.

வோல்ட்மீட்டர் எனப்படும் மின்னழுத்தமானி குறைந்த மின்னோட்டத்தில் இயங்குவதால் ஆபத்துக் குறைந்தது. எஞ்சின் நின்றிருக்கையில் 12.6 வோல்ட் அளவும், மின்னேற்றத்தின்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரையும் காட்டினால் மின்கலம் நல்ல நிலையில் உள்ளது. டைனமோ உள்ள வண்டியில் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது மின்னேற்றம் நிகழாமை இயல்பு.

தரை இணைப்பும் மின்முனைகளும்

1960களின் நடுப்பகுதி வரையிலான பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் மின்கலத்தின் நேர்முனை உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. இக்கால வண்டிகளில் எதிர்முனையே இணைக்கப்படுகிறது. பழைய வண்டியில் எதனையும் பொருத்துமுன் எம்முனை தரையில் உள்ளது எனப் பார்த்தல் வேண்டும். இருசுருள் மானியும் ஈருலோக மானியும் எம்முறையிலும் இயங்கும். மின்னோட்டமானியின் இரு கம்பிகளையும் இடம் மாற்ற வேண்டும். மாற்றாவிடில் அது தலைகீழாகக் காட்டும். மின்னணு மானிகள் தவறான முனையில் இணைத்தால் உடனே கெட்டுவிடும். தரை முறையை மாற்றுவோர் டைனமோவுக்கும் புதிய காந்தமுனை ஊட்டுதல் வேண்டும்.

பழுதறியும் வரிசை

* எரிபொருள்மானி, மின் வெப்பமானி ஆகிய இரண்டும் ஒரே நேரத்தில் தவறினால் பொதுக் காரணத்தைத் தேட வேண்டும். உருகி, மின்னழுத்த நிலைப்படுத்தி, அதன் தரை இணைப்பு என்பது தேடும் வரிசை.
* ஒன்று மட்டும் தவறினால் அதன் உணரிக் கம்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கழற்றிய பின் ஊசி நகர்ந்தால் மானி உயிருடன் உள்ளது. குற்றம் உணரியிலோ கம்பியிலோ இருக்கலாம்.
* ஈருலோக மானியின் உணரிக் கம்பியை உடலில் தொட்டுச் சோதிக்கும்போது ஊசி எழத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும்.
* விளக்கைப் போட்டால் ஊசி இடம் மாறுமாயின் மானிப் பலகையின் தரை இணைப்பு கெட்டுள்ளது.
* தொட்டியின் உணரியைக் கழற்றுமுன் மின்கல இணைப்பை நீக்கி, எரிபொருளை வடித்து, அருகில் நெருப்பின்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிய மானி பொருத்துதல்

கூடுதல் மானிகளுக்காக மூல முகப்புப் பலகையைத் துளையிடுவதைவிட, அதன் கீழ் ஒரு தகட்டுப் பலகையை மாட்டி அதில் பொருத்துவது சிறந்தது. சிறு மானிகளின் வழக்கமான துளை விட்டம் 52 மி.மீ. ஆகும். பின்புறத்தில் பட்டைப் பிடிப்பை இட்டுக் கைத்திருகால் இறுக்கலாம். பலகையிலிருந்து உடலுக்குத் தனித் தரைக்கம்பி இழுப்பது பல பொய்யளவீடுகளைத் தவிர்க்கும்.

எண்ணெய் அழுத்தமானியைப் பொருத்தும்போது எச்சரிக்கை விளக்கை நீக்காமல், மூவழிப் பொருத்தியின் வழியே இரண்டையும் இணைப்பது நன்று. ஊசியைப் பார்க்க மறந்த ஓட்டுநரின் கண்ணில் விளக்குப் படும். பொருத்தியின் மரையைக் கவனித்தல் வேண்டும். 1/8 அங்குலப் பிரித்தானியக் குழாய் மரையில் அங்குலத்துக்கு 28 வரிகளும், அமெரிக்க மரையில் 27 வரிகளும் உள்ளன. ஒன்று மற்றொன்றில் சில சுற்றுச் செல்லும். பிறகு இறுகி மரையை அழிக்கும். எஞ்சின் அதிர்வால் செம்புக் குழாய் இறுகி வெடிக்காதிருக்க, எஞ்சினை ஒட்டிச் சிறு நெகிழ்குழாய் அமைக்க வேண்டும். உடைந்த குழாயிலிருந்து எண்ணெய் சூடான எஞ்சின் மீது பீய்ச்சும்.

மின்னழுத்தமானியை உருகியின் வழியாகச் சாவியுடன் இணைக்க வேண்டும். லூகாஸ் வண்ண முறையில் பழுப்பு மின்கலத்தின் முதன்மைக் கம்பியையும், வெள்ளை சாவி வழி வருவதையும், பச்சை உருகிக்குப் பின் வருவதையும், கறுப்பு தரையையும் குறிக்கும். பலமுறை கம்பி மாற்றப்பட்ட வண்டியில் வண்ணத்தை நம்பாது சோதனை விளக்கால் அறிதல் வேண்டும். தகட்டைக் கடக்கும் இடங்களில் ரப்பர் வளையம் இன்றியமையாதது.

இன்றைய நிலை

2014க்குப் பின் அம்பாசடருக்குப் புதிய தயாரிப்பு இல்லாமையால், பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய மானிகளும் பிற நிறுவன மாற்று மானிகளும் பயன்படுகின்றன. கழற்றிய மானியை வாங்கும்போது அதன் உணரியையும் சேர்த்து வாங்குவது நல்லது. மின்தடை அளவு ஒவ்வாத உணரி, மானி பழுதற்றதாயினும் பொய்யளவீட்டையே தரும்.

2021 சூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து மூலவடிவில் பேணப்படும் சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்குப் பழம்பெரும் வாகனம் என்னும் தனிப் பதிவு வகையை ஏற்படுத்தின. இவ்வண்டிகளை வணிகத்துக்குப் பயன்படுத்த இயலாது. அவ்வகையில் பதிய விரும்புவோர் மூல மானிகளையும் முகப்புப் பலகையையும் சிதைக்காமல் காப்பது பயனுடையது. நாள்தோறும் ஓடும் வண்டிக்கோ, மூலவடிவைவிட உண்மை காட்டும் ஊசியே முதன்மையானது. கோடை தொடங்கும் முன் ஒருமுறையும், பருவமழை ஓய்ந்தபின் அடித்தளச் சேற்றைக் கழுவியபோது ஒருமுறையும் தரை இணைப்புகளையும் உணரிகளையும் சோதிப்பது கரிசல் பகுதி வண்டிக்கு ஏற்ற பராமரிப்பு முறையாகும்.